ஆபிரகாம் லிங்கனும் சாங்கமன் ஜில்லாவும்

உலகத்திற் பெரும்புகழ் எய்திய சான்றோர் வரலாறுகளை நாம் பெரும்பாலும் அவர் ஏறிநின்ற உச்சியிலிருந்தே கூறத் தொடங்குகின்றோம். மலையின் முடியைக் கண்டு வியப்போர் பலர். அம்முடிக்குச் செல்லும் படிகளை எண்ணிப் பார்ப்போர் சிலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராய் விளங்கி, அடிமைத்தளை அறுத்து, கொலைஞன் துப்பாக்கிக்கு இரையாகிய ஆபிரகாம் லிங்கன் பெருந்தகையாரைப்பற்றி அறியாதார் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒருவரும் இரார். பள்ளியிற் பயிலும் சிறாரும் அவர் பெயரை அறிவர். ஆயினும், அத்தலைமைப் பதவிக்கு வருமுன் அவர் இல்லினாய் மாகாணத்துச் சாங்கமன் ஜில்லாவின் வாக்காளர்முன் பன்முறை நின்று, தோற்றும் வென்றும் கற்ற பாடங்கள் பலர்க்கும் தெரியா. அவற்றையே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஊராட்சித் தேர்தலாயினும் சட்டசபைத் தேர்தலாயினும், தேர்தற்காலம் நெருங்குந்தோறும் நம்மவர் கூடுமிடங்களில் ஒரு வினா எழுகின்றது. நம் மரபினர் வாக்கெல்லாம் ஒருமுகமாய் நம் மரபினர் ஒருவர்க்கே விழுமாயின் அவர் வெல்லாரோ, அவர் வென்றால் நம் குறைகளெல்லாம் தீராவோ என்பதே அவ்வினா. அவ்வினாவை மனத்திற் கொண்டு இவ்வரலாற்றைப் படிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் கென்டக்கி மாகாணத்தில் ஒரு மரக்குடிசையிற் பிறந்தார். தந்தையார் தாமஸ், உழவும் தச்சும் செய்து வாழ்ந்தவர். 1816-ஆம் ஆண்டில் அக்குடும்பம் இந்தியானாவிற்குக் குடிபெயர்ந்தது. 1818-இல் அன்னையார் நான்சி இறந்தார். மறு ஆண்டு தந்தையார் மணந்துகொண்ட சாரா என்னும் அம்மையார், சிற்றன்னையாயினும் பெற்ற தாயினும் பரிவுடையராய் ஆபிரகாமைப் போற்றி வளர்த்தார். லிங்கன் பள்ளியிற் கற்ற காலமெல்லாம் சேர்த்து எண்ணினும் ஓராண்டு நிரம்பாது. எஞ்சிய கல்வியெல்லாம் இரவல் நூல்களால் தாமே தேடிக்கொண்டதாகும்.

1830-இல் அவர்கள் இல்லினாய்க்கு வந்தனர். மறு ஆண்டில் லிங்கன் தம் குடும்பத்தைப் பிரிந்து, சாங்கமன் ஆற்றங்கரையில் அமைந்த நியூ சேலம் என்னும் சிற்றூரில் ஒரு கடையிற் பணியாளராய் அமர்ந்தார். அவ்வூரில் அவர்க்கு உற்றாருமில்லை, உறவினருமில்லை. கைம்முதலாய் இருந்தவை நெடிய உடலும், உழைக்கும் தோளும், கேட்போர் மகிழக் கதை சொல்லும் நாவும், எவரையும் வஞ்சியாத நெஞ்சுமேயாம்.

முதல் தேர்தல்

அக்காலத்து இல்லினாயில் வாக்களிக்கும் முறை இக்காலத்து முறையினின்றும் வேறுபட்டது. சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. வாக்காளர் சாவடிக்குச் சென்று, அதிகாரிகள்முன் நின்று, தாம் விரும்பும் அபேட்சகர் பெயரை வாய்விட்டுக் கூறல் வேண்டும். எழுத்தர் அதனைப் பதிந்துகொள்வார். யார் யார்க்கு வாக்களித்தார் என்பது ஊரறிந்த செய்தியாயிருந்தது. 1848-ஆம் ஆண்டின் அரசியற் சட்டத்திற்குப் பின்னரே அம்மாகாணத்திற் சீட்டுமுறை வந்தது. வாக்குரிமையும் வெள்ளையரான ஆடவர்க்கே உரியதாயிருந்தது; மகளிர்க்கும் கறுப்பு நிறத்தார்க்கும் அஃது இல்லை.

நியூ சேலத்திற்கு வந்து ஓராண்டும் நிரம்பாத 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இருபத்து மூன்று வயதினராகிய லிங்கன் மாகாணச் சட்டசபைக்கு அபேட்சகராய்த் தம்மை அறிவித்துக்கொண்டார். சாங்கமன் ஆற்றைத் திருத்திப் படகுப் போக்குவரத்திற்கு ஏற்றதாக்கல், கடுவட்டியைத் தடுத்தல், கல்வியைப் பரப்பல் என்பன அவர் அறிக்கையின் பொருள்களாம். அவ்வமயம் சாக் குடியினராகிய செவ்விந்தியர் தாம் இழந்த நிலத்திற்கு மீண்டு வர, அவரைத் துரத்துவதற்காகப் படை திரட்டப்பட்டது. லிங்கன் அதிற் சேர்ந்தார். உடன் சேர்ந்தோர் அவரையே தம் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். போரொன்றும் காணாமல் அவர் ஜூலையில் மீண்டபொழுது தேர்தலுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன.

ஆகஸ்டு 6-ஆம் நாள் தேர்தல் நிகழ்ந்தது. நான்கு இடங்களுக்குப் பதின்மூவர் போட்டியிட்டனர். லிங்கன் 657 வாக்குப் பெற்று எட்டாமவராய் நின்று தோற்றார். ஆனால் நியூ சேலம் சாவடியிற் பதிவான 300 வாக்குகளில் 277 அவர்க்கே விழுந்தன. அவ்வாண்டின் இறுதியில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இதே சாவடியார், லிங்கன் போற்றிய ஹென்றி கிளேயைக் கைவிட்டு, எதிர்க்கட்சியினராகிய ஜாக்சனுக்கு 115 வாக்கு மிகுதியாக அளித்தனர். ஆகவே அந்த 277 வாக்கும் கட்சிக்கு விழுந்த வாக்கல்ல. கண்முன் வாழ்ந்த ஒருவரின் ஒழுக்கத்திற்கு விழுந்த வாக்காகும். குருதி உறவு ஒன்றுமில்லாத ஊரார் ஓராண்டுப் பழக்கத்தால் இங்ஙனம் செய்தனர் என்பது நினைக்கத்தக்கது.

ஆயினும் என்? தன்னூருக்கு ஆனை, அயலூருக்குப் பூனை என்னும் பழமொழி அன்று லிங்கனுக்கு முற்றும் பொருந்தியது. தம்மவர் பத்தில் ஒன்பதின்மர்க்குமேல் வாய்திறந்து வாக்களித்தும் அவர் வென்றாரல்லர். ஜில்லா என்பது ஓர் ஊரினும் பெரிது என்பதே அவர் கற்ற முதற்பாடம்.

நில அளவைக்காரர்

தோல்விக்குப்பின் லிங்கன் வேறொருவரோடு கூட்டாகக் கடை வைத்தார். கடை நொடித்தது, கூட்டாளியும் 1835-இல் இறந்தார். அவர் பங்குக் கடனையும் தம் தலைமேற் கொண்டு, லிங்கன் பல்லாண்டு உழைத்துத் தீர்த்தார். 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூ சேலத்துத் தபால் அதிகாரியாக நியமனம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஜான் கல்ஹூன் என்னும் ஜில்லா நில அளவைத் தலைவர் அவரைத் துணை அளவைக்காரராக அமர்த்திக்கொண்டார். கல்ஹூன் எதிர்க்கட்சியினர். தம் அரசியற் கொள்கைக்கு இப்பணியால் இடையூறு நேராது என்று தெளிந்த பின்னரே லிங்கன் அதனை ஏற்றனர். கணக்கும் அளவை நூலும் அறியாத அவர், இரவும் பகலும் கற்றுத் தேர்ந்து, சங்கிலியும் திசைகாட்டியுங் கொண்டு ஜில்லாவின் மூலைமுடுக்கெல்லாம் நடந்தார்.

இப்பணியே அவரைச் சட்டசபைக்கு அனுப்பிற்று எனினும் மிகையாகாது. எல்லை வழக்குடைய இரு குடியானவர்க்கிடையே நின்று, இருவரும் ஒப்பும்படி கல் நடுபவனை எவரே மறப்பர்? நியூ சேலத்தார் மட்டும் அறிந்திருந்த நேர்மையை இரண்டாண்டுகளிற் சாங்கமன் முழுவதும் அறிந்தது. 1834-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் 1,376 வாக்குப் பெற்று இரண்டாமவராய் வென்றார். 657 என்னும் தொகை இரண்டு மடங்கிற்கும் மேலாகப் பெருகியது. விக் கட்சியினரோடு ஜனநாயகக் கட்சியினர் பலரும் அவர்க்கு வாக்களித்தனர். சட்டசபைக்குச் செல்லத் தக்க உடையின்மையால், ஒரு நண்பரிடம் 200 டாலர் கடன் பெற்று உடை தைத்துக்கொண்டு, அக்காலத் தலைநகராகிய வண்டேலியாவிற்குப் புறப்பட்டார். உடன் வென்ற ஜான் ஸ்டூவர்ட் என்னும் வழக்கறிஞர் தூண்ட, சட்டநூல்களைக் கற்கவும் தொடங்கினார்.

நெடியோர் ஒன்பதின்மர்

1836-ஆம் ஆண்டில் மக்கட்பெருக்கத்திற்கேற்பச் சாங்கமனுக்குச் சட்டசபையில் ஏழு இடங்களும் மேற்சபையில் இரண்டு இடங்களும் உரியவாயின. அத்தேர்தலில் 1,716 வாக்குகளோடு லிங்கனே முதலிடம் பெற்றார். வரி கொடுக்கும் அல்லது படைக்கலம் தாங்கும் வெள்ளையர் எல்லார்க்கும் வாக்குரிமை வேண்டுமென்றும், மகளிரையும் அதினின்று விலக்கலாகாதென்றும் அவர் அப்போது அறிக்கை விடுத்தார். மகளிர்க்கு இடங்கொடுத்த அளவில் அக்கூற்று காலத்தை முந்தியது. நிறத்தால் ஒரு சாராரை விலக்கிய அளவில் காலத்தோடு கட்டுண்டது. இரண்டையும் மறையாது கூறுதலே வரலாறு எழுதுவார் கடன்.

சாங்கமன் ஜில்லாவின் பிரதிநிதிகள் ஒன்பதின்மரும் நெடிய உருவினர். அனைவர் உயரமும் கூட்டினால் ஐம்பத்துநான்கு அடி என்பர். அதனால் நெடியோர் ஒன்பதின்மர் என்னும் பெயர் அவர்க்கு வழங்கலாயிற்று. மாகாணத் தலைநகரை வண்டேலியாவினின்றும் தம் ஜில்லாவின் ஸ்பிரிங்பீல்டு நகருக்கு மாற்றுதலே அவர்தம் ஒருமித்த நோக்கம். 1837-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நான்காம் சுற்று வாக்கெடுப்பில் ஸ்பிரிங்பீல்டு வென்றது.

ஒற்றுமையின் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா எனத் தோன்றும். ஆனால் இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. அதற்கு முந்திய நாள், ஒரு கோடி டாலர்க்கு மேற்பட்ட செலவில் இருப்புப்பாதைகளும் கால்வாயும் அமைக்கும் பெருந்திட்டம் சட்டமாயிற்று. ஒவ்வொரு ஜில்லாவிற்கும் ஏதேனும் ஒரு பங்கு அதிலிருந்தது. ஒருவர் பாதைக்கு மற்றவர் வாக்கு, மற்றவர் கால்வாய்க்கு இவர் வாக்கு என்று அங்கத்தினர் தம்முள் கைம்மாறு செய்துகொண்டனர் என்றும், தலைநகருக்காகச் சாங்கமனாரும் அவ்வாறே செய்தனர் என்றும் அக்காலத்தார் குறைகூறினர். லிங்கன் அத்திட்டத்தை முழுமனத்தோடு ஆதரித்தவர். அவ்வாண்டிலேயே நாடெங்கும் பணமுடை நேர்ந்து வங்கிகள் நிலைகுலைந்தன. பாதைகள் பாதியில் நின்றன. 1840-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 4,76,183 மக்களே வாழ்ந்த அம்மாகாணத்தின் தலையில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் கடன் ஏறிற்று. வட்டி கட்டவும் இயலாது போயிற்று. தத்தம் ஜில்லாவின் நலத்தை மட்டும் நாடிய பலர் ஒன்றுகூடின், எல்லார்க்கும் பொதுவான கேட்டினையும் ஒற்றுமையாகவே உண்டாக்கிவிடக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

அறுவருள் ஒருவர்

அதே கூட்டத்தொடரில் நிகழ்ந்த பிறிதொன்றையே யாம் லிங்கன் இளமையின் தலையாய செயலாகக் கருதுகின்றோம். அடிமைமுறையை ஒழிக்க விழைந்த சங்கத்தாரைக் கண்டித்தும், அடிமைகளை வைத்துக்கொள்ளும் உரிமை தென்மாகாணத்தார்க்குப் புனிதமானதென ஒப்பியும், 1837 ஜனவரியில் இல்லினாய்ச் சட்டசபையில் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரித்தோர் 77 பேர். எதிர்த்தோர் 6 பேர். அந்த அறுவருள் லிங்கன் ஒருவர்.

தலைநகர் பற்றிய வாக்கு முடியுமளவும் பொறுத்திருந்து, மார்ச்சு 3-ஆம் நாள், டான் ஸ்டோன் என்னும் அங்கத்தினரோடு சேர்ந்து ஒரு மறுப்புரையைச் சபைக் குறிப்பிற் பதிவிக்கச் செய்தார். அடிமைமுறை அநீதியின்மேலும் தீய கொள்கையின்மேலும் எழுப்பப்பட்டது என்பதே அதன் கரு. எனினும், ஒழிப்புச் சங்கத்தார் கிளர்ச்சி அத்தீமையை வளர்க்கவே செய்யும் என்றும், மாகாணங்களுக்குள் அம்முறையில் தலையிட மத்திய மன்றத்திற்கு அதிகாரமில்லை என்றும் அதிற் கூறப்பட்டிருந்தது. இக்காலத்து நோக்கால் அது குறைபட்ட அறிக்கையே. அக்காலத்திலோ அவ்வளவு கூறுதற்கும் இருவரே முன்வந்தனர். அவருள் ஸ்டோன் விரைவில் நீதிபதிப் பதவிக்குச் சென்றார். மீண்டும் வாக்காளர்முன் நிற்கவேண்டியவர் லிங்கன் ஒருவரே. சாங்கமன் மக்களுட் பெரும்பாலோர் கென்டக்கி முதலிய தென்மாகாணங்களினின்றும் வந்து குடியேறியவர். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் இல்லினாயின் ஆல்டன் நகரில், அடிமைமுறைக்கு எதிராக எழுதிய லவ்ஜாய் என்னும் பத்திரிகை ஆசிரியர் ஒரு கும்பலாற் கொல்லப்பட்டார். காலத்தின் கொடுமை அத்தகையது.

ஆயினும் 1838-ஆம் ஆண்டுத் தேர்தலிற் சாங்கமன் வாக்காளர் லிங்கனையே மீண்டும் முதலிடத்தில் நிறுத்தினர். அவர் கொள்கையை அவரெல்லாம் ஒப்பினர் என்று கூற முடியாது. தம்மோடு மாறுபடினும் தம்மை வஞ்சியான் என்னும் நம்பிக்கையே அவ்வாக்கிற்குக் காரணமாம். மக்கள் தாம் எண்ணுவதையே திருப்பிக் கூறுவானை விரும்புவர். ஆனால் தம் முகத்திற்கு நேரே வேறு கூறியும் தமக்கு உழைப்பானை நம்புவர். விருப்பம் ஒரு தேர்தலளவும் நிற்கும்; நம்பிக்கை பல தேர்தல்களையும் தாங்கும்.

ஜில்லா சுருங்கியது

1837 ஏப்ரலில் லிங்கன் ஸ்பிரிங்பீல்டிற் குடியேறி வழக்கறிஞரானார். 1839-இல் சாங்கமன் ஜில்லா துண்டுபட்டுப் புதிய ஜில்லாக்கள் பிறந்தன. நியூ சேலம், மெனார்டு என்னும் புதிய ஜில்லாவின் பகுதியாயிற்று. விரைவில் அவ்வூர் குடியின்றிப் பாழ்பட்டது. லிங்கனுக்கு 277 வாக்களித்த சாவடி இருந்த இடமே காடாயிற்று. ஓரூர் ஆதரவை மட்டும் நம்பியவர் வாழ்வு அவ்வூரோடு முடிந்திருக்கும். ஜில்லாவெங்கும் வேரூன்றியவர்க்கு அஃது இழப்பாகவில்லை.

1840-இல் சாங்கமனுக்கு ஐந்து இடங்களே இருந்தன. லிங்கன் வென்றாராயினும் ஐவருட் கடைசியாகவே வந்தார். அவ்வாண்டு டிசம்பரில், ஒரு வாக்கெடுப்பைத் தடுக்கும்பொருட்டுச் சபையின் எண்ணிக்கை நிரம்பாதபடி செய்ய எண்ணி, அவரும் வேறு சிலரும் பலகணி வழியே வெளியே குதித்தனர். அவர்கள் குதிக்குமுன்னரே தலை எண்ணப்பட்டுவிட்டது. எதிர்க்கட்சியார் அதனைச் சொல்லிச் சொல்லி நகைத்தனர். லிங்கன் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியைப் பேச விரும்பியதில்லை. 1842-இல் அவர் சட்டசபைக்கு நிற்கவில்லை.

1846-இல் மத்திய மன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்னும் மதபோதகர். 1832-இல் லிங்கன் தோற்ற தேர்தலில் வென்ற நால்வருள் இவர் ஒருவர். பதினான்காண்டு கழித்து அவரை லிங்கன் 6,340 வாக்குகளுக்கு 4,829 என்னும் கணக்கில் வென்றார். ஒருமுறை மட்டும் அப்பதவி வகித்து, 1849-இல் மீண்டும் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார்.

இடங்கொடுத்த பெருமை

1854-ஆம் ஆண்டில் கான்சாஸ் நெப்ராஸ்கா சட்டம் நிறைவேறிற்று. இல்லினாயின் மேற்சபை அங்கத்தினர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த அச்சட்டம், அடிமைமுறை புகாதிருந்த புதுநிலங்களுக்கும் அது பரவ வழி திறந்தது. ஓய்ந்திருந்த லிங்கன் மீண்டெழுந்தார். அவ்வாண்டு நவம்பரிற் சாங்கமன் மக்கள் அவரை ஐந்தாமுறையாகச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தனர். ஆனால், மத்திய மேற்சபை அங்கத்தினரை மாகாணச் சட்டசபையாரே தேர்ந்தெடுக்கும் வழக்கம் அக்காலத்திருந்தது. சட்டசபையில் இருப்பவர் அப்பதவிக்குத் தகுதியற்றவராதலின், லிங்கன் தாம் வென்ற இடத்தை உடனே துறந்தார். காலியான இடத்திற்கு நடந்த இடைத்தேர்தலிற் சாங்கமனார் எதிர்க்கட்சியினரைத் தேர்ந்தெடுத்தனர். தந்த வாக்கைத் தம் மேம்பாட்டிற்காகக் கைவிட்டார் என்று மக்கள் கருதும்போது, வாக்கும் அவரைக் கைவிடுதல் இயல்பே.

1855 பிப்ரவரியில் மேற்சபைத் தேர்தல் நடந்தது. முதற்சுற்றில் லிங்கனே முதல்வராய் நின்றார். லைமன் டிரம்புல் என்பவர்க்கு 5 வாக்குகளே விழுந்தன. அவ்வைவரோ எந்நிலையிலும் லிங்கனுக்கு வாக்களிக்க இசைந்திலர். சுற்றுக்கள் நீண்டன. அடிமைமுறைப் பரவலை எதிர்ப்போர் தம்முட் பிளவுபட, எதிரிகளின் வேறோர் ஆள் வெல்லும் நிலை நேர்ந்தது. அதுகண்ட லிங்கன், தம்மை ஆதரித்தோர் அனைவரையும் டிரம்புலுக்கு வாக்களிக்குமாறு வேண்டிக்கொண்டார். பத்தாம் சுற்றில் டிரம்புல் 51 வாக்குப் பெற்று வென்றார். நாற்பதுக்கு மேற்பட்ட வாக்குடையவர் ஐந்து வாக்குடையவர்க்கு வழிவிட்டார். ஆள் அன்று, கொள்கை வெல்லவேண்டும் என்று கருதுவார்க்கே இது கூடும்.

ஒவ்வாத மரக்கால்

1858-இல் டக்ளஸின் மேற்சபைப் பதவிக்கு லிங்கன் குடியரசுக் கட்சியின் சார்பில் நின்றார். இருவரும் ஏழு ஊர்களில் நேருக்குநேர் வாதிட்டனர். அவ்வாதங்களிலும் லிங்கன், கறுப்பர்க்கு அரசியற் சமவுரிமை வேண்டுமென்று கூறினாரல்லர். சார்ல்ஸ்டன் நகரில் அதனை வெளிப்படையாகவே மறுத்தார். ஒவ்வொரு மனிதனும் தன் உழைப்பின் பயனைத் தானே நுகரும் உரிமையுடையவன் என்பதில் மட்டும் உறுதியாய் நின்றார்.

நவம்பர் 2-ஆம் நாள் நடந்த தேர்தலில் மாகாணப் பொருளாளர் பதவிக்குக் குடியரசுக் கட்சியார்க்கு ஏறத்தாழ 1,25,000 வாக்கும், டக்ளஸ் கட்சியார்க்கு ஏறத்தாழ 1,21,000 வாக்கும் விழுந்தன. மாகாணம் முழுதும் எண்ணுமிடத்து லிங்கன் பக்கமே மிகுதி. ஆயினும் 1859 ஜனவரியிற் சட்டசபை கூடியபோது டக்ளஸுக்கு 54 வாக்கும் லிங்கனுக்கு 46 வாக்குமே கிடைத்தன.

இது நேர்ந்த காரணம் யாது? சட்டசபைத் தொகுதிகள் 1850-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வகுக்கப்பட்டவை. அதன்பின் இருப்புப்பாதைகளாலும் ஏரிவழிப் போக்குவரத்தாலும் வடபகுதியில் மக்கள் பல்கிப் பெருகினர். அவர் பெரும்பாலும் லிங்கன் கட்சியினர். தொகுதியின் எல்லைகளோ பழையபடியே நின்றன. மேலும், முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டு அவ்வாண்டு தேர்தலுக்கு நில்லாத மேற்சபையாருட் பெரும்பாலோர் டக்ளஸ் கட்சியினர். வடக்கே ஒரு மரக்கால், தெற்கே ஒரு மரக்கால் வைத்து நெல் அளந்தால் கணக்கு எங்ஙனம் ஒக்கும்? தாமே நில அளவைக்காரராயிருந்த லிங்கன் பிழையான எல்லைகளாற் பதவி இழந்தார். மேற்சபையாரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் சட்டம் 1913-இல்தான் வந்தது. மாகாணச் சட்டசபைத் தொகுதிகள் மக்கள்தொகையில் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் தீர்ப்பை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1964-இல்தான் அளித்தது.

சொந்த ஜில்லாவின் தீர்ப்பு

தோல்வியுற்ற அவ்வாதங்களே லிங்கனை நாடறியச் செய்தன. 1860 நவம்பர் 6-ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இல்லினாய் மாகாணமும் அவர்க்கே வாக்களித்தது. ஆனால் சாங்கமன் ஜில்லாவில் டக்ளஸுக்கு 3,598 வாக்கும் லிங்கனுக்கு 3,556 வாக்கும் விழுந்தன. 42 வாக்குகளால் தம் சொந்த ஜில்லாவை இழந்தார்! 1864-இலும் அந்த ஜில்லா அவரைக் கைவிட்டது. ஐந்து முறை அவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தவர், தலைநகரை அவராற் பெற்றவர், இரு முறை அவரை உலகப்புகழ் பெற்ற பதவிக்கு ஏற்க மறுத்தனர்.

சாங்கமனார் நன்றி மறந்தனர் என்று கூறிவிடுதல் எளிது. யாம் அங்ஙனம் கூறோம். வாக்கு என்பது கடன்சீட்டன்று, ஒருமுறை செய்த உதவிக்கு எஞ்ஞான்றும் வட்டி வசூலித்தற்கு. அவர் தம் கருத்தின்படி வாக்களித்தனர். லிங்கனும் அதுபற்றி அவரைப் பகைத்தாரல்லர். தம் ஊராகவே அதனைக் கருதினார்.

மன்றம் மாறியது

பின்னர் நிகழ்ந்த உள்நாட்டுப் போரையும், 1863 ஜனவரி முதல் நாள் வெளியிட்ட விடுதலை அறிக்கையையும் அன்பர்கள் அறிவர். 1865-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், அடிமைமுறையை நாடெங்கும் அடியோடு ஒழிக்கும் பதின்மூன்றாம் திருத்தத்தை மத்திய மன்றம் நிறைவேற்றிற்று. அதனை மாகாணங்கள் ஒப்புதல் வேண்டும். மறுநாளே, பிப்ரவரி முதல் நாள், எல்லா மாகாணங்களுக்கும் முன்னதாக அதனை ஒப்பியது எது? இல்லினாய்ச் சட்டசபையே! 1837-இல் எழுபத்தெழுவர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமும் நின்ற அதே சபை. 1853-இல் கறுப்பர் தம் மாகாணத்திற் குடியேறலாகாதென்று சட்டம் செய்த அதே சபை. இருபத்தெட்டாண்டிற் சபை அறுவர் பக்கம் வந்து சேர்ந்தது.

லிங்கனும் வளர்ந்தார். 1865 ஏப்ரல் 11-ஆம் நாள் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவில், கல்வியறிவுடைய கறுப்பர்க்கும் படையிற் பணியாற்றிய கறுப்பர்க்கும் வாக்குரிமை அளித்தலைத் தாம் விரும்புவதாக அறிவித்தார். 1836-இல் வெள்ளையர் அளவில் நின்ற நா, அந்த எல்லையைத் தாண்டிற்று. கேட்டிருந்த கூட்டத்தில் ஜான் பூத் என்னும் கொலைஞனும் நின்றான். 14-ஆம் நாள் இரவு அவன் சுட, மறுநாட் காலை லிங்கன் உயிர்நீத்தார். நிறம்பற்றி வாக்குரிமை மறுக்கலாகாதென்னும் சட்டம் 1870-இல் அமைந்தது.

அவருடலை ஸ்பிரிங்பீல்டிற்குக் கொணர்ந்து, மே 3, 4-ஆம் நாட்களில் சட்டசபை மண்டபத்தில் மக்கள் காணக் கிடத்தினர். நெடியோர் ஒன்பதின்மர் முயற்சியால் அந்நகருக்கு வந்த தலைநகரத்தின் மண்டபம் அஃது. வாக்களித்தவரும் வாக்களியாதவரும் வரிசையாக வந்து வணங்கிச் சென்றனர். பின்னர் அவ்வூர் ஓக்ரிட்ஜ் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

நாம் கொள்ளத்தக்கது

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். நம்மவர் வாக்கு நம்மவர்க்கு விழுதல் தவறன்று. பழகியறிந்தவரை ஆதரித்தல் மக்களியல்பு. நியூ சேலத்தாரும் அதனையே செய்தனர். ஆனால் அது முதற்படியே. அப்படியிலேயே நின்றிருந்தால் லிங்கன் எட்டாமவராகவே நின்றிருப்பார். நம்முள் ஒருவர் பொதுப்பணிக்கு நிற்க விழைவாராயின், நம் தெருவார் எத்துணைப்பேர் அவர்பின் நிற்பர் என்று எண்ணுவதோடு அமையாது, அடுத்த தெருவாரும் பிற மரபினரும் அவரை எல்லைக்கல் நடுதற்கு நம்பி அழைப்பரோ என்று வினவல் வேண்டும்.

அவர் வென்றபின்னும் ஒன்றுண்டு. நமக்கு ஒரு நன்மை பெற்றுத்தருதலை மட்டும் அவரிடம் எதிர்பார்ப்போமாயின், பிறரும் அவ்வாறே எதிர்பார்க்க, ஊர்முழுதும் கடனில் ஆழ்ந்த இல்லினாயின் கதையே நம் கதையுமாகும். நம் விருப்பத்திற்கு மாறாகவும் நீதி இதுவெனத் துணிந்து அறுவருள் ஒருவராய் நிற்க அவர்க்கு நாம் இடங்கொடுத்தல் வேண்டும். அதன்பொருட்டு அவரைக் குலத்துரோகி என்று பழியாதிருத்தல் வேண்டும். அத்தகையாரை வளர்க்கும் இல்லங்களே ஒரு மரபிற்கு மெய்யான பெருமை தருவன. சங்கத்து இளைஞரும், அவரை வளர்க்கும் தாய்மாரும் இதனைச் சிந்திப்பாராக.